வீட்லதான் ஃபால்ட்

தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. ஒட்டுக் கேக்கல. பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு காதக் கொண்டு போய் நான் எங்க வைக்கிறது? இப்பப் பேசுனீங்களே, கஸ்டமர் கேர்தானே? அதானே பாத்தேன். அந்த மூஞ்சிய எங்க பாத்தாலும் எனக்குத் தெரிஞ்சிடும். பாட்டுப் போட்டானா? போடுவான். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது"ன்னானா? சொல்லுவான். முக்கியம்னா எடுக்க வேண்டியதுதானே? அது மட்டும் மாட்டான்.

உங்களுக்கு எத்தன நாளா இன்டர்நெட் லைன் இல்ல? ரெண்டு நாளா? அட போங்க தம்பி, ரெண்டு நாளுக்கா இந்தக் கோவம்? எனக்கு ஆடில ஆரம்பிச்சது, கார்த்திகை தீபம் வரைக்கும் ஓடுச்சு. நீங்க எங்க எறங்கணும்? புதுக்கோட்டையா? நல்லதாப் போச்சு. நானும் அங்க எறங்கித்தான் அறந்தாங்கி வண்டி மாறணும். அதுவரைக்கும் சொல்றேன், கேளுங்க. உங்களுக்கும் உபயோகமா இருக்கும்.

எம்பேரு திருஞானம். திருச்சி, உறையூர். கூட்டுறவுப் பண்டகசாலைல மேலாளரா இருந்து ரிட்டையர் ஆனவன். அந்த இன்டர்நெட் கம்பெனி பேரு மட்டும் கேக்காதீங்க. திட்டுனாலும் அவனுக்கு அது விளம்பரம்.

ரிட்டையர் ஆன ஆளுக்கு இன்டர்நெட் எதுக்குன்னுதானே பாக்குறீங்க? பாக்கல? பாத்தாலும் தப்பில்ல. நான் ஒரு பேச்சாளன் தம்பி. ஆபீஸ்ல எந்த விழா நடந்தாலும் என் பேரு நோட்டீஸ்ல இருக்கும். கடைசி வரில இருக்கும். நன்றியுரை, திரு. திருஞானம். சிறப்புரைக்கு வெளியூர்லேருந்து கார் வச்சு ஆளக் கூட்டியாருவாங்க. தலைமையுரை, வாழ்த்துரை, எல்லாத்துக்கும் ஆள் இருக்கும். நன்றியுரைன்னா நான்.

நன்றியுரை சொல்றவன் நெலம உங்களுக்குத் தெரியுமா? மைக்கப் புடிக்கும்போதே பாதிக் கூட்டம் செருப்பத் தேடும். மிச்சப் பாதி பஜ்ஜித் தட்டு எந்தப் பக்கம்னு தேடும். "இந்த இனிய மாலைப் பொழுதிலே"ன்னு நான் ஆரம்பிச்சா, பதிலுக்கு நாற்காலி மடக்குற சத்தம்தான் கேக்கும். சர்வீஸ் பூரா இதே கதிதான். என் பிரிவு உபசார விழா, எனக்கே எனக்குன்னு நடந்த விழா, அதுலயும் நன்றியுரை நான்தான் சொன்னேன். தூறல் போடுதுன்னு மைக்செட்காரன் பாதிலயே ஒயர உருவிட்டான். என் பேச்ச ஒரு மனுசன் முழுசா கேட்டதில்ல தம்பி. அது ஒரு வலி. சொன்னாப் புரியாது.

அதுக்குத்தான் சொந்தமா சேனல் ஆரம்பிச்சேன். யூடியூப்ல. நம்ம சேனல்ல நாற்காலி மடக்க எவனும் வர முடியாதுல்ல? நிகழ்ச்சி பேரு "இல்லறம் இனிக்க". தெனமும் சாயங்காலம் ஏழு மணிக்கு நேரலை. புருசன் பொண்டாட்டி எப்படி அனுசரிச்சுப் போறது, ஒருத்தர் மனச ஒருத்தர் நோகாம எப்படி நடந்துக்குறது, இதெல்லாம் சொல்லுவேன். நாட்டுக்கு இன்னைக்குத் தேவையான விசயம்.

பெருங்கூட்டம்னு சொல்ல மாட்டேன். ஆரம்பத்துல என் பழைய ஸ்டாஃப் ரெண்டு பேரு, பேரே தெரியாத ஒரு ஆளு, அவ்வளவுதான். அப்புறம் எங்க வீட்ல, அதான் என் சம்சாரம், அவ பக்கத்துச் சனம் வந்து சேந்துச்சு. எங்க வீட்ல பேரு மங்கையர்க்கரசி. அவ பக்கம் சனம் ஜாஸ்தி தம்பி. அக்கா, தங்கச்சி, சித்தப்பா மக்க, அவங்க சம்பந்திங்க, எல்லாரும் ஒரு வாட்ஸ்அப் குரூப்ல இருக்காங்க. அதுல லிங்கப் போட்டு விட்டேன். கூட்டம் எகிறிடுச்சு.

ஏன் எகிறுச்சு? உதாரணம். அதான் என் ரகசியம். சும்மா "மன்னிக்கக் கத்துக்கங்க"ன்னு மொட்டையாச் சொன்னா யாரு கேப்பா? நம்ம வீட்டு விசயத்தையே எடுத்து வுடணும். மன்னிப்புங்குற தலைப்புல பேசுறப்ப, கல்யாணமான புதுசுல எங்க ஜெனரல் மேனேஜர் சாப்பிட வந்த கதையச் சொன்னேன். அன்னைக்குப் பதட்டத்துல இவ சாம்பார்ல உப்புக்குப் பதிலா சீனிய அள்ளிப் போட்டுட்டா. அவரு ஒரு வாய் வச்சிட்டு, "பாயசத்த மொதல்லயே ஊத்திட்டீங்களாம்மா?"ன்னு கேட்டாரு. அத நடிச்சே காட்டுனேன். சிரிப்பு பொம்மையா வந்து விழுது ஸ்கிரீன்ல. அவ அக்கா வீட்டு சம்பந்தியம்மா, யாரு பேச்சுக்கும் சிரிக்காத பொம்பள, அவங்களே சிரிச்சாங்க.

அன்னைக்கு ராத்திரி சாப்பாடு போடுறப்ப அவ கண்ணு செவந்து இருந்துச்சு. வெங்காயம் போல. "அதெல்லாம் எதுக்குங்க ஊருக்குச் சொல்றீங்க?"ன்னா. "ஊருக்கு இல்லடி, உலகத்துக்கு"ன்னேன். ரசத்த ஊத்திட்டுப் போயிட்டா. அடக்கமான பொம்பள தம்பி. தன்னப் பத்தி நாலு பேரு பேசுனா கூச்சம் அவளுக்கு.

அதுக்கு மறுநாளோ, மறு மறுநாளோ, மொத மொறையா லைன் போச்சு.

தலைப்பு என்ன தெரியுமா? மாமனார் வீட்டை மதிப்பது எப்படி. நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. "எங்க மாமனார் கல்யாணச் சீரா ஒரு கிரைண்டர் குடுத்தாரு. அது சத்தம் போடும், மாவு அரைக்காது. அவரும் அப்படித்தான்…"னு ஆரம்பிக்கிறேன், ஸ்கிரீன்ல என் மூஞ்சி அப்படியே நின்னு போச்சு. வாய் தொறந்தபடி. அவரு போன வருசம்தான் தவறிப்போனாரு, பாவம். அவருக்கு ஒரு அஞ்சலியா இருக்கட்டுமேன்னுதான் அந்தக் கதைய எடுத்ததே.

நான் பேசுறது உள் ரூம்ல, கதவச் சாத்திக்கிட்டு. மோடம் இருக்குறது ஹால்ல, சாமி படத்துக்குப் பக்கத்துல. கதவத் தொறந்துக்கிட்டு வெளிய வந்தா, நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே எங்க வீட்ல கேக்குறா, "லைன் போச்சாங்க?" எப்படித் தெரியும்ங்குறீங்க? அதான் தம்பி ஒட்டுறவு. இத்தன வருசம் குடும்பம் நடத்தியாச்சுல்ல, எனக்கு ஒண்ணுன்னா அவளுக்குத் தெரிஞ்சிடும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். ஒரு தடவகூட நான் போய்ச் சொல்ல வேண்டியிருந்ததில்ல.

டிக்கெட் எடுத்துட்டீங்களா? எடுத்தாச்சா, சரி.

கஸ்டமர் கேருக்குப் போட்டேன். ஒரு பொண்ணு எடுத்துச்சு. "சார், மோடத்துல என்ன லைட் எரியுது?"ன்னு கேட்டுச்சு. நான் இருந்த கடுப்புல, "எங்க வீட்ல ட்யூப்லைட்டுதான்மா எரியுது"ன்னேன். அப்புறம், "மோடத்த ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க சார்"ன்னுச்சு. நான் போனக் காதுல வச்சுக்கிட்டே எங்க வீட்லகிட்ட சொன்னேன். சொல்லி வாய மூடல, ஆன் பண்ணிட்டா! லைட்டெல்லாம் வரிசையாப் பச்சை கட்டுது. அந்த வேலைல அவ்வளவு கைப்பழக்கம் அவளுக்கு. படிக்காத பொம்பளன்னு நாம நெனைக்கிறோம்.

அந்தப் பொண்ணு கடைசியா, "வேறு ஏதாவது உதவி தேவையா சார்?"ன்னுச்சு. மரியாதையாக் கேக்குறப்ப நாமளும் முறையா நாலு வார்த்த சொல்லணும்ல? "இந்த நல்ல வேளையிலே, என் குறையைப் பொறுமையுடன் கேட்டுக்கொண்ட தங்களுக்கும், தங்கள் நிறுவனத்தாருக்கும்"னு ஆரம்பிச்சேன். டொக்குன்னு வச்சிடுச்சு.

அதோட தீந்துச்சான்னா இல்ல. வாரத்துக்கு ரெண்டு நாள், மூணு நாள் போகும். நானும் கவனிச்சுப் பாத்தேன் தம்பி, சும்மா இல்ல. பொதுவாப் பேசுனா லைன் கல்லு மாதிரி நிக்கும். உதாரணத்துக்கு வந்தாப் போயிடும். வெளங்குதா? உதாரணம் வர்றப்பத்தான் கூட்டம் கூடுது. கூட்டம் கூடுனா லோடு ஏறுது. லோடு தாங்காம லைன் படுத்துக்குது. இத அந்தக் கம்பெனிக்கு விளக்கமாச் சொன்னேன். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது"ன்னு மெசேஜ் வந்துச்சு.

ஒரு நாள் குறட்டை பத்திப் பேசுனேன். தூக்கத்துல விட்டுக் குடுத்தல்னு தலைப்பு. எங்க வீட்ல எப்படிக் குறட்ட விடுவான்னு செஞ்சு காட்டணும்னு ரிகர்சல் எல்லாம் பாத்து வச்சிருந்தேன். அது ஒரு மூணு ஸ்தாயி குறட்டை தம்பி, நடுவுல ஒரு விசில் வரும். மொதக் குறட்ட விட்டேன். ரெண்டாவது குறட்டைக்கு மூச்ச இழுத்தேன், போச்சு லைன். வெளிய வந்தா, "லைன் போச்சாங்க?"

அப்புறம்தான் வீட்டுக்கே ஆள அனுப்புனாங்க. அன்வர்னு ஒரு பையன். தங்கமான பையன். வந்து பாத்தான், எல்லாம் பச்சை. "சார், நல்லாத்தானே இருக்கு?"ன்னான். "இப்ப இருக்கும்பா, ஏழு மணிக்கு வா"ன்னேன். ஏழு மணிக்கு வந்து ஹால்ல உக்காந்தான். அன்னைக்குப் பாத்து லைன் போகவே இல்ல. நான் சேமிப்பின் அவசியம் பத்திப் பேசுனேன். ரெண்டாவது மொற வந்தவன் போஸ்ட்லேருந்து வீடு வரைக்கும் புது ஒயர் இழுத்துக் குடுத்தான். எங்க வீட்ல அவனுக்குக் குழிப் பணியாரம் சுட்டுக் குடுத்தா. அடுப்படில நின்னு ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்க. என்ன பேசுனாங்களோ, வெளிய வர்றப்ப பையன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு. பணியாரத்துல காரம் ஜாஸ்தி போல.

மூணாவது மொற வந்து, எதையுமே தொடல. வாசல்ல நின்னுக்கிட்டு, செருப்பு மாட்டுற மாதிரி குனிஞ்சு, மெதுவாச் சொன்னான். "சார், வெளில லைன் சுத்தமா இருக்கு. ஃபால்ட் வீட்லதான் சார்."

"வீட்லயா?"

"ஆமா சார். வீட்ல கொஞ்சம் கவனிங்க சார். வீட்ல சரியாயிட்டா லைன் தானா நிக்கும்."

கேட்டீங்களா? இத மொத நாளே சொல்லியிருந்தா? மறுநாளே எலக்ட்ரீசியனக் கூட்டியாந்துட்டேன். பழைய வீடு தம்பி, எங்கப்பா கட்டுனது, அந்தக் காலத்து ஒயரிங். ஹால்ல செவத்தப் பேத்தோம், ரூம்ல பேத்தோம், அடுப்படிலயும் பேத்தோம். மல்லித்தூள் டப்பாலேருந்து சாமி படம் வரைக்கும் சிமெண்டுத் தூசி. அவ முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டு, என்னையும் செவத்தையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டே நின்னா. "எல்லாம் நம்ம வீட்டுக்குத்தான்டி"ன்னேன். "தெரியுதுங்க"ன்னா.

புது ஒயரிங், புது சுவிட்ச் போர்டு, பத்தாததுக்கு ஒரு வாஸ்துக்காரர் வந்து பூஜை அலமாரிய வடக்குலேருந்து கிழக்குக்கு மாத்துனாரு. எல்லாம் முடிச்சு, குளிச்சு, திருநீறு பூசிக்கிட்டு உக்காந்து, அவ வண்டி ஓட்டக் கத்துக்கிட்டப்ப ரேஷன் கடைக்குள்ள போய் மோதுன கதைய எடுத்தேன். போச்சு லைன்!

அன்வரப் போன்ல புடிச்சு ஒரு கத்து கத்துனேன். "ஏம்ப்பா, நீ சொன்னேன்னு வீட்டையே உடைச்சுப் போட்டேனே, என்னாச்சு பாரு"ன்னு.  அப்புறம், "அய்யோ சார், நான் அந்த வீட்டச் சொல்லல சார்"ன்னான்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "பின்ன எந்த வீட்டப்பா சொன்ன? எனக்கு இருக்குறது ஒரே வீடுதான். நான் அந்த மாதிரி ஆளு இல்ல. உறையூர்ல யார வேணா கேட்டுப் பாரு"ன்னேன். "சார் சார், நான் அப்படிச் சொல்லல சார்"னு பதறிப் போயிட்டான். சின்னப் பையன், என்ன பேசுறோம்னு தெரியாமப் பேசிட்டான். மன்னிச்சு விட்டுட்டேன்.

மாத்தூர் தாண்டிடுச்சா? பேச்சுல தெரியல பாருங்க.

அப்புறம் ஒரு நாள் லைன் போனப்ப நானே பாத்தேன். மோடம் சுவிட்சு ஆஃப்ல இருந்துச்சு. கண்ணால பாத்தேன் தம்பி. எங்க வீட்லகிட்ட கேட்டேன், "இது எப்படிடி ஆஃப் ஆச்சு?"ன்னு. விளக்குத் திரிய நிமிண்டி விட்டுக்கிட்டே, "எலியா இருக்கும்"னா. எனக்கும் சரின்னு பட்டுச்சு. இப்ப உள்ள எலியெல்லாம் என்ன எலி! அட்டகாசம் தாங்கல.

சிரிக்காதீங்க. நான் எலிக்கு ஒரு வழி பண்ணேன். தேக்குல ஒரு அலமாரி இருக்கு எங்க வீட்ல. அவ பட்டுச்சேலையெல்லாம் வச்சிருந்தா. அதக் காலி பண்ணி, பின்பக்கம் ஓட்ட போட்டு, ஒயர உள்ள விட்டு, மோடத்த உள்ள வச்சு, இன்வெர்ட்டர்லேருந்து நேரா கனெக்ஷன் குடுத்து, பூட்டி சாவிய அரைஞாண்ல கட்டிக்கிட்டேன். அன்வர்தான் வந்து மாட்டிக் குடுத்தான். "சார், நல்லா யோசிச்சுக்கங்க சார்"னு மூணு தடவ சொன்னான். எலிக்குப் போய் இவ்வளவு இரக்கப்படுறான் பாருங்க.

தம்பி, அன்னைக்கு சாயங்காலம் பேசுனேன் பாருங்க. அப்படி ஒரு பேச்சு என் ஆயுசுல பேசுனதில்ல. தலைப்பு, மனைவியின் மனம் அறிதல். சீனி சாம்பார், கிரைண்டர், ரேஷன் கடை, குறட்ட விசிலோட முழுசா, பாதில நின்னு போனது அத்தனையும் முடிச்சேன். லைன் அசையல. பேச்சு முடியிறப்ப நிமிந்து பாக்குறேன், கதவு தொறந்து இருக்கு. எங்க வீட்ல நிலைப்படில சாஞ்சு நிக்கிறா. எப்பலேருந்து நிக்கிறாளோ. முழுப் பேச்சையும் கேட்டிருக்கா. என் வாழ்க்கைல மொத மொறையா ஒரு ஆளு என் பேச்ச நேர்ல நின்னு கடைசி வரைக்கும் கேட்டுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு தம்பி.

"எப்படி இருந்துச்சு?"ன்னேன்.

"இனிமே லைன் போகாதுல்லங்க?"ன்னா.

"போகாது"ன்னேன்.

"சரி"ன்னா.

காலைல எந்திரிச்சுப் பாக்குறேன், பை கட்டி வச்சிருக்கா. ஆவுடையார்கோவில் பக்கம் அவ அக்கா பூங்கோதை இருக்காங்க. அக்காவுக்கு முழங்கால் வலி, போய் இருந்து பாத்துட்டு வரேன்னா. எனக்குத் தோசைமாவு ஆட்டி வச்சிட்டா, மருந்து மாத்திரையெல்லாம் எடுத்து வச்சிட்டா. வாசப்படி எறங்குறப்பத் திரும்பி, "நல்லாப் பேசுங்க"ன்னு சொல்லிட்டுப் போனா. எந்தப் பொண்டாட்டி தம்பி புருசன அப்படி வாழ்த்திட்டுப் போவா?

கீரனூர். இங்க ஒரு அஞ்சு நிமிசம் நிப்பான். டீ வேணுமா? வேணாமா? எனக்கும் வேணாம். இப்பெல்லாம் கடை டீயே குடிச்சுக் குடிச்சு நாக்கு செத்துப் போச்சு.

எங்க விட்டேன்? ஆங். அவ ஊருக்குப் போயிட்டா. லைன் ராசா மாதிரி இருக்கு. ஏழு மணிக்கு உக்காந்தேன். "அன்பு நெஞ்சங்களே"ன்னேன். பொறுமைங்குற தலைப்பு. பொதுவா நாலு வார்த்த பேசியாச்சு. "உதாரணத்துக்குச் சொன்னா"ன்னேன். வரல. ஒண்ணும் வரல தம்பி. பழைய கதையெல்லாம் மொத நாளே கொட்டித் தீத்துட்டேன். புதுசா ஒண்ணு வேணும்னா அவ வீட்டுல நடமாடணும்ல? ஒரு பாத்திரத்தக் கீழ போடணும், என்னைய ஒரு வார்த்த சொல்லணும். வீட்டுல நான் மட்டும்தான் இருக்கேன். என்னைய வச்சு என்னத்தச் சொல்றது? நான் என்ன பண்றேன், உக்காந்திருக்கேன்.

கூட்டம் கொறைஞ்சிடுச்சு. அவ சித்தப்பா மகன் ஒருத்தன், "அக்கா எங்க மாமா, ஆளையே காணோம்?"னு எழுதிப் போட்டான். அதுக்கு என்னன்னு பதில் சொல்றது? ஊருக்குப் போயிருக்கான்னேன். எப்ப வருவாங்கன்னு கேட்டான். எனக்கு அது தெரியாதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. முந்தாநேத்து ஒரு காரியம் பண்ணேன். பேச்சு ஓடல. எந்திரிச்சுப் போய், அலமாரியத் தொறந்து, நானே மோடத்த ஆஃப் பண்ணேன். ஆஃப் பண்ணிட்டு உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டு உக்காந்தேன். கொஞ்ச நேரம் இருந்துட்டு, கதவத் தொறந்துக்கிட்டு வெளிய வந்தேன். சும்மாதான். ஹால்ல யாரும் ஒண்ணும் கேக்கல. கேக்க யாரு இருக்கா? ஆனாலும் வந்து நின்னேன். கிறுக்குத்தனம்தான். அவ இல்லாம என்னால ஆகல தம்பி, அவ்வளவுதான் விசயம். இத லைவ்ல சொல்ல முடியுமா?

அதான் கெளம்பிட்டேன். போய் நாலு நாள் தங்குறது. அங்க இன்டர்நெட் கிடையாது, பாவம், அவ எப்படித்தான் இருக்காளோ. இந்தாங்க, பையில பாருங்க. சிம் போட்ட குட்டி டப்பா. எங்க வேணா எடுத்துட்டுப் போகலாம், செவத்துல சுவிட்சே தேவையில்ல. இன்னைக்கு ஏழு மணிக்கு அக்கா வீட்டுக் கூடத்துலேருந்தே நேரலை. அவளையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு, பிரிவும் கூடலும்னு தலைப்பு. இன்னும் அவகிட்ட சொல்லல. இருங்க, சொல்லிடுவோம். மத்தியானத்துக்குச் சோறு வடிக்கணும்ல.

அலோ… அரசி… நான்தான். பஸ்ல இருக்கேன். கீரனூர் தாண்டப் போறான். ஆமா, அங்கதான் வந்துக்கிட்டு இருக்கேன். உனக்கு ஒரு சாமான் வாங்கியாறேன்டி. இன்டர்நெட்டு! ஆமா, டப்பா. சாயங்காலம் அங்கேருந்தே லைவ். நீயும் என் பக்கத்துல… அலோ? அலோ?

கட் ஆயிடுச்சு தம்பி. பாத்தீங்களா, நான் சொன்னேன்ல? அந்தப் பக்கம் டவரே சரியில்ல. இருங்க, மறுபடி போடுறேன்.

"பிஸியாக உள்ளார்"ங்குறான். இப்பத்தானே பேசுனா, அதுக்குள்ள யாருகூட பிஸி? மறுபடி போடுறேன். மறுபடியும் பிஸி. இதுக்கும் ஒரு புகார் குடுக்கணும் போல. தம்பி, உங்க போனு வேற கம்பெனிதானே? கொஞ்சம் குடுங்க. ஒரே ஒரு கால்.

தொண்ணூத்தி நாலு… இதுலயாச்சும் போகுதான்னு பாப்போம்… போகுது. ரிங் போகுது தம்பி. எவ்வளவு தெளிவாப் போகுது பாருங்க, பக்கத்து ரூம்ல அடிக்கிற மாதிரி.

அப்ப அங்க டவர் நல்லாத்தான் இருக்கு.

லைன்ல ஃபால்ட் ஒண்ணும் இல்ல.

எடுத்துட்டா. "அலோ, யாருங்க?"ங்குறா. சளி புடிச்ச மாதிரி இருக்கு குரலு. "அலோ, யாரு பேசுறது?"ங்குறா.

தம்பி, புடிங்க போன. நீங்க பேசுங்க. எனக்கு வார்த்த வரல. ஏதாச்சும் பேசுங்க தம்பி, வச்சிடப் போறா. நான் இருக்கேன்னு சொல்ல வேணாம். சாப்பிட்டாளான்னு மட்டும் கேளுங்க.